ஜப்பான் இன்ஜினும் ஈரச் சாக்கும்

கண்ணமங்கலத்துக்கு வெளியே, வேலூர் போகும் சாலையோரத்தில், பழைய இன்ஜின் விற்கும் தகரக் கொட்டகையில் அந்த இன்ஜின் இருந்தது. அதற்கென்று தனியாக ஒரு மேசை. மேலே பாலித்தீன் தாள். கொட்டகைக்காரர் தாளை நீக்கியதும் வெள்ளிப் பெயின்ட் பளபளத்தது. பக்கவாட்டில் ஜப்பான் எழுத்தில் ஒரு ஸ்டிக்கர். என் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதன் கிட்டே போனார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

எங்கள் ஊர் ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டில், பஸ் எப்போதாவது எட்டிப் பார்க்கும் பக்கத்தில் இருக்கிறது. அப்பாவிடம் ஒரு பழைய டீசல் ஜீப் உண்டு. ஜமுனாமரத்தூர் சந்தைக்கு ஆள் ஏற்றுவார். மாசியும் பங்குனியும் புளி ஏற்றுவார். மார்கழியில் அந்த ஜீப்பின் இன்ஜின் ஜாம் ஆகிவிட்டது. மாசி பிறப்பதற்குள் அது ஓடியாக வேண்டும். ஓடாவிட்டால் சுற்று வட்டாரப் புளி மொத்தமும் மாமாவின் ஜீப்புக்குப் போய்விடும். ஒரு சீசன் கைமாறினால் அதற்கப்புறம் திரும்பி வராது. வீட்டில் இருந்ததையெல்லாம் திரட்டினாலும் ஒரே ஒரு தடவைதான் இன்ஜின் வைக்க முடியும். தப்பான ஒன்றை வைத்துவிட்டால், இத்தனை வருடம் சொந்த வண்டி ஓட்டிய அப்பா இன்னொருவன் ஜீப்பில் கூலிக்கு ஸ்டியரிங் பிடிக்க வேண்டும். அந்த இன்னொருவன் மாமாவாகத்தான் இருப்பார் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

மாமா என்றால் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். மலையில் ஓடும் இன்னொரு ஜீப் அவருடையது. இரண்டு வருடத்துக்கு முன் அதில் இதே கொட்டகையிலிருந்து வாங்கிய ஜப்பான் இன்ஜினை வைத்தார். அன்றிலிருந்து ஜீப் என்ற சொல்லையே விட்டுவிட்டார். "ஜப்பான எட்த்துகினு சந்தைக்குப் போறேன்" என்பார். வீட்டு வாசலில் நிறுத்தி, யாரும் கேட்காமலே பானெட்டைத் திறந்து காட்டுவார். பார்க்கிறவர்களுக்கு இன்ஜினில் எது தலை எது கால் என்று தெரியாது. ஆனாலும் வாயைப் பிளப்பார்கள். எங்களைக் கொட்டகைக்குக் கூட்டி வந்தவரும் மாமாதான். அதில் அவருக்கு என்ன கிடைக்கும் என்று நான் கேட்கவில்லை. கமிஷன் என்று கேட்காமலே தெரிந்தது.

"தொட்டுப் பாருண்ணா, தொட்டுப் பாரு. கொயந்த மாரி கீது" என்றார் கொட்டகைக்காரர். "ஜப்பான்ல டாக்டர் ஒர்த்தர் வெச்சினு இருந்த வண்டி."

"டாக்டருன்னு எப்டித் தெரியும்?" என்று நான் கேட்டேன்.

அவர் பதிலை அப்பாவுக்குச் சொன்னார். "ஆஸ்பத்திரிக்கும் வூட்டுக்கும்தான் ஓட்னாரு. வேற எங்கியும் போவல. அங்க ரோடெல்லாம் கண்ணாடிண்ணா."

"அவங்க ஊர்ல பள்ளமே கெடையாது மாப்ள" என்றார் மாமா. "ரோட்ல பள்ளம் வுய்ந்தா ரோடு போட்டவன் ஜெயிலுக்குப் போவணும்."

"ஆங்?" என்றார் அப்பா.

வேலூரைத் தாண்டாத மாமா ஜப்பானின் சாலைச் சட்டம் சொல்ல, அப்பா மெய்மறந்து தலையாட்டினார். எங்கள் மலையில் யாராவது ஒரு வெளியூர்ப் பெயரைச் சொல்லிவிட்டால் போதும், கேட்கிறவர்கள் கையைக் கட்டிக்கொள்வார்கள். எனக்கு அந்தக் கைகட்டலைக் கண்டாலே ஆகாது. எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். கீழே ஹாஸ்டலில் தங்கி பி.எஸ்சி. இயற்பியல் முடித்தேன். இப்போது ஜமுனாமரத்தூரில் ஒரு அலுவலகத்தில் கணினியில் பெயர் ஏற்றும் வேலை. ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிற இன்ஜின் நம்பரும் வண்டியில் இருக்கிற நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும், மாற்றினால் பதிய வேண்டும் என்பது அந்த மூன்று ஆண்களில் ஒருவருக்கும் நினைவில் இல்லை. எனக்கு இருந்தது.

"பேப்பர் கீதா?" என்று கேட்டேன்.

"இல்லாமியா?" கொட்டகைக்காரர் மேசை இழுப்பறையிலிருந்து லேமினேட் செய்த ஒரு தாளை எடுத்தார். ஓரமெல்லாம் விரல் பட்டுக் கறுத்திருந்தது. எத்தனையோ பேர் அதைக் கையில் வாங்கி, தலையாட்டி, திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். "ஜப்பான் சீலு, பாரு" என்று அப்பாவிடம் நீட்டினார். அப்பா இரண்டு கையாலும் வாங்கினார். நான் அதை அவர் கையிலிருந்து எடுத்துப் படித்தேன்.

அது கிணற்றில் இறக்கும் தண்ணீர் மோட்டாருக்கான வாரண்டி அட்டை. ஆங்கிலத்தில் இருந்தது. கோயம்புத்தூரில் செய்த மோட்டார். நான் சத்தமாக, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். கிணற்றில் மணல் வந்தால் கம்பெனி பொறுப்பு ஏற்காது. மோட்டாரைத் தண்ணீர் இல்லாமல் ஓட்டக் கூடாது. கயிறு அறுந்து மோட்டார் உள்ளே விழுந்தாலும் கம்பெனி பொறுப்பு ஏற்காது.

கொட்டகைக்காரர் கழுத்தை நீட்டி அட்டையைப் பார்த்தார்.

"அது பின்னாடிப் பக்கம்மா" என்றார் கொட்டகைக்காரர்.

திருப்பினேன். மறுபக்கம் வெற்றுத்தாள்.

முதலில் வாயைத் திறந்தவர் மாமா. "ஜப்பான்காரனுக்கு இங்கிலீஷு சரியா வராது. தப்புத் தப்பாதான் எய்துவான்."

நான் சிரித்தேன். அடக்கிக்கொள்ள வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. கொட்டகைக்காரர் பாலித்தீன் தாளை மறுபடி இன்ஜின்மேல் போர்த்தினார். "படிச்ச பொண்ண இட்டாந்தா இதான் ரோதன" என்று மாமாவிடம் சொன்னார். "அடுத்த தபா நீங்க மட்டும் வாங்க."

திரும்பும் பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். வளைவுகள் தொடங்கி பாதி மலை ஏறிய பிறகுதான் பேசினார்.

"நெஜமாவே மோட்டாரு கார்டா அது?"

"ஆமாம்பா."

"கெணத்து மோட்டாரா?"

"ஆமாம்பா."

அடுத்த வளைவில், "எம்மாம் அயகா சீலு குத்தி இருந்துச்சி" என்றார். அவ்வளவுதான்.

எங்களை விட்டுவிட்டுத் தன் ஜீப்பில் கிளம்பிய மாமா, எங்களுக்கு முன்னாலேயே ஊர் போய்ச் சேர்ந்து கதையைச் சொல்லி முடித்திருந்தார். அதில் தண்ணீர் மோட்டார் இல்லை. கைக்கு வந்த ஜப்பான் இன்ஜினை ஒரு பெண் பேச்சால் கெடுத்துவிட்டாள் என்பது மட்டும் இருந்தது. அம்மா கதவருகே நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னாடி பண்ணிட்டு வந்த? இன்ஜினு வாங்கப் போன எடத்துல ஒக்காந்து பேப்பர் படிச்சியாமே?"

"படிக்கலன்னா ஒங்கண்ணன் பழைய இரும்ப தலையில கட்டியிருப்பாரு."

"அவரு ஜீப்பு ஓடுதில்ல? ஒங்கப்பன் ஜீப்புதான் நிக்குது."

மாமாவின் ஜீப் உண்மையிலேயே நன்றாக ஓடியது. ஏற்றத்தில் எங்களுடையதைவிட வேகமாக ஏறியது. கறுப்புப் புகையும் விடவில்லை. நல்ல இன்ஜினுக்கும் பொய்யான அட்டைதான் காட்டுவார்கள் போலிருக்கிறது. ஆனால் அன்று நான் அப்படியெல்லாம் யோசிக்கவில்லை. பொய் சொன்னவன் விற்கும் எதையும் எங்கள் வண்டியில் வைக்க விடமாட்டேன் என்று நின்றேன். பழைய இன்ஜினையே பிரித்துச் சரிசெய்வது என்று முடிவானது. அப்பா முடிவு செய்தார் என்று சொல்ல முடியாது. அவர் எதிர்க்கவில்லை, அவ்வளவே.

ஜீப்பை ஜமுனாமரத்தூருக்குக் கயிறு கட்டி இழுத்துப் போனதும் மாமாவின் ஜீப்தான். வழி நெடுக ஒவ்வொரு ஊரிலும் ஹாரன் அடித்தார். யாராவது எட்டிப் பார்த்தால், "ஜப்பானு இய்க்குது!" என்று கத்தினார். பின்னால் எங்கள் ஜீப்பின் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்த அப்பா, தலை குனிந்தால் ரோடு தெரியாதே என்பதற்காக நிமிர்ந்திருந்தார்.

சந்தை கூடும் இடத்துக்குப் பக்கத்தில் மேஸ்திரியின் ஒர்க்ஷாப். மலையில் எந்த டீசல் வண்டி நின்றாலும் அவரிடம்தான் போகும். அவர் பானெட்டைத் திறந்து ஒரு நிமிடம் பார்த்தார்.

"வயசாயிடுச்சி. இறக்கிடலாம். சிலிண்டர கடைஞ்சி புது ஸ்லீவு போட்டுட்டா, என் கையி பட்ட இன்ஜினு பத்து வருசத்துக்குப் பேசாது."

ஊரிலும் இதையேதான் சொன்னார்கள். வயதாகிவிட்டதாம், ஏதோ படுத்த படுக்கையாய்க் கிடந்த கிழவி போய்ச் சேர்ந்ததுபோல. ஒருவர்கூட அது ஏன் நின்றது என்று கேட்கவில்லை. ஜப்பானா உள்ளூரா என்று ஒரு மாதமாக வாய் ஓயாமல் பேசினார்கள். இருந்த இன்ஜினைக் கொன்றது எது என்ற கேள்வி மட்டும் யாருக்கும் வரவில்லை. எனக்கு வந்தது. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

அலுவலகம் பக்கத்திலேயே இருந்ததால் தினமும் மதியம் சாப்பாட்டு டப்பாவோடு ஒர்க்ஷாப்புக்குப் போனேன். சிலிண்டர் பிளாக்கை மலைக்குக் கீழே லேத் பட்டறைக்கு அனுப்பிக் கடைந்து கொண்டுவந்தார்கள். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டைத் தேய்த்தார்கள். புது பிஸ்டன் வந்த அட்டைப் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தேன். பில்லோடு ஒத்துப் பார்த்தேன். சிலிண்டருக்குள் செருகும் ஸ்லீவின் அளவைக் கேட்டேன். போனில் தேடிப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு போல்ட்டையும் எவ்வளவு இறுக்கமாக முடுக்க வேண்டும் என்று சொன்னேன்.

"கலெக்டரம்மா வந்துட்டாங்க, எய்ந்து நில்லுங்கப்பா" என்பார் மேஸ்திரி, எழுந்திருக்காமலே. "போன்ல பாத்து இன்ஜினு கட்றவங்க போன்லயே ஓட்டிக்க வேண்டியதுதான? எங்கிட்ட இன்னாத்துக்கு இட்டாந்தீங்க?"

அவரிடம் பேசும்போது அவர் கண் எப்போதும் எனக்குப் பின்னால் நிற்கும் அப்பாவின்மேல் இருக்கும், அப்பா அங்கே இல்லாத நாட்களிலும்.

ஒருநாள் மதியம் அப்பாவும் வந்திருந்தார். இன்ஜினைச் சேர்க்கும் வேலை பாதியில் இருந்தது. நான் கேட்டேன்: "மேஸ்திரி, எல்லாம் சரி. அது ஏன் ஜாம் ஆச்சின்னு சொன்னீங்களா? வயசுன்னு சொல்லாதீங்க."

அவர் முதல் தடவையாக என்னைப் பார்த்தார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "வா" என்றார். கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த ரேடியேட்டரைக் காலால் நகர்த்தினார்.

"இதுக்குப் பேரு இன்னா?"

"ரேடியேட்டர்."

"இல்ல. செவுரு."

காற்றுப் போக வேண்டிய இடைவெளிகளில் எல்லாம் மண் அப்பி இறுகியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் குத்தினார். கட்டி கட்டியாக விழுந்தது. அதில் சாமை உமி, சருகு, சணல் நார். கீழ் ஓரத்தில், வெயில் படாமல் வெளுத்துப்போய், மூன்று சாமை முளைகள் நின்றன.

"பாத்தியா? வெள்ளாமையே பண்ணிட்டான்" என்றார் மேஸ்திரி. "காத்து எப்டிப் போவும்? இது முன்னாடி நிக்கிற வரிக்கும் ஜப்பான் இன்ஜினு வெச்சாலும் வேவும், ஜெர்மன் இன்ஜினு வெச்சாலும் வேவும். எவன்யா இதும்மேல ஈரச் சாக்கு கட்னது? தூசு பட்டா சேறாவும், காஞ்சா செவுராவும். ஒரு மாட்டு மூக்க துணியால கட்டிட்டு ஏர் ஓட்டுவியா?"

அப்பா ரேடியேட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஊர் வயக்கம் மேஸ்திரி."

"எந்த ஊருய்யா அது? பேரச் சொல்லு, அந்தப் பக்கம் நான் பொண்ணு குட்க்க மாட்டேன்."

அது ஊர் வழக்கமில்லை. எங்கள் ஊரில் சாமைக் கதிரைப் பாறைக்களத்தில் பரப்பி, மேலே ஜீப்பைச் சுற்றிச் சுற்றி ஓட்டித் தாள் வேறு மணி வேறாகப் பிரிப்பார்கள். முன்பு மாடுகள் நடந்த வட்டத்தில் இப்போது ஜீப் நடக்கிறது. மாடு நடக்கும் வேகத்தில்தான் ஜீப்பும் போகும். தூசி ஆளையே மறைக்கும். கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது விடுமுறைக்கு வந்த நான், களத்தில் ஜீப் சூடாவதைப் பார்த்தேன். பாறைமேல் ஏறி நின்று, மண்பானையில் தண்ணீர் ஏன் குளிர்கிறது தெரியுமா என்று ஊரைக் கேட்டேன். யாரும் சொல்லவில்லை. நானே சொன்னேன். ஈரம் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஆகவே ஜீப்பின் முகத்தில் ஈரச் சாக்கைக் கட்டுங்கள், தூசியும் தடுக்கும், சூடும் குறையும். என்னைவிட மூத்த ஆண்கள் வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள். அப்பா ஸ்டியரிங்கில் உட்கார்ந்தபடியே, "எம் பொண்ணு சொல்லுது, கட்டு" என்றார்.

மூன்று வருடம் கட்டினார்கள். ஒவ்வொரு வீட்டுச் சாமைக்கும் புதிதாக நனைத்துக் கட்டினார்கள். சாக்கு நனைய நனையக் காற்று குறைந்தது. தூசி சேறானது. கடைசியில் மார்கழியில், நான்காவது வீட்டுச் சாமையில், ஆவி கக்கி இன்ஜின் நின்றது. கொட்டகைக்காரர் தண்ணீர் மோட்டார் அட்டையைக் காட்டினார், நான் தண்ணீர்ப் பானையைக் காட்டினேன். அவருடைய அட்டையைப் படிக்கவாவது நான் போயிருந்தேன். என்னுடையதைச் சரிபார்க்க ஊரில் ஆள் இல்லை. ஒருவர் பேச்சைக் கேட்டுக் கையைக் கட்டிக்கொள்கிறார்கள் என்று ஊரையே ஏளனம் செய்த நான், அவர்கள் என் பேச்சுக்குக் கையைக் கட்டியபோது அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

அப்பாவுக்கு அங்கே நிற்கும்போதே தெரிந்திருக்கிறது. "ஊர் வயக்கம்" என்று சொல்லி என் பெயரை மறைத்துவிட்டார்.

"நான்தான் கட்டச் சொன்னேன்" என்றேன்.

"நீயா?" மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா படிச்ச?"

"பிஸிக்ஸ்."

"அப்டின்னா?"

நான் சாப்பாட்டு டப்பாவை இன்னொரு கைக்கு மாற்றினேன். "சரி, தள்ளி நில்லு" என்றார் அவர். "தண்ணி அடிக்கணும்." பைப்பை எடுத்து ரேடியேட்டரில் பீய்ச்சினார். சிவப்புச் சேறு என் செருப்பு வரைக்கும் ஓடி வந்தது.

தை கடைசியில் ஜீப் மலைக்குத் திரும்பியது. மாசியில் அப்பாவே புளி ஏற்றினார். அந்தச் சீசன் எங்களிடமே இருந்தது. மாமாவின் ஜப்பான் இன்றைக்கும் நோய்நொடி இல்லாமல் ஓடுகிறது. காரணம் எனக்குத் தெரியும். அவர் ஒருநாளும் சாமைக் களத்துக்கு வண்டியை இறக்கமாட்டார். கேட்டால், "ஜப்பானுக்கு தூசு ஒத்துக்காது" என்பார். சொந்தச் சாமையை அடிக்கவும் அப்பாவின் ஜீப்பைத்தான் கூப்பிடுவார்.

அடுத்த மார்கழியில் களம் கூடியது. வழக்கம்போல பானெட்டுக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்தார்கள். ஒருவர் சொட்டச் சொட்ட நனைத்த சாக்கோடு வந்தார். சாக்குக்கும் குங்குமம் வைத்திருந்தார்கள். நான்கே வருடத்தில் என் தப்பு சாமி ஆகிவிட்டது.

"சாக்கு வேணாம்" என்றேன்.

"நீதானம்மா கட்ட சொன்ன?"

"தப்பா சொன்னேன். அதாலதான் இன்ஜினு போச்சி."

"இன்ஜினு வயசாயி போச்சி. சாக்கு இன்னா பண்ணும்?"

"மேஸ்திரியே சொன்னாரு."

"அவரு அஞ்சாங் கிளாசு. நீ காலேஜு. நாங்க யாரு பேச்ச கேக்கறது?"

மாமா தன் சாமைக் கட்டின்மேல் உட்கார்ந்துகொண்டு சொன்னார். "படிச்சவங்க ஒரு பேச்சு பேசணும். வருசத்துக்கு ஒண்ணு பேசுனா ஊரு எத புடிக்கும்?"

அதற்குள் சாக்கைக் கட்டிவிட்டார்கள். நான் கதிர் அரிவாளை எடுத்துக் கயிற்றை அறுத்தேன். சாக்கு சேற்று உருண்டைபோலச் சொத்தென்று பாறையில் விழுந்தது. கூட்டம் கசமுசாவென்றது. குங்குமம் வைத்ததை அறுக்கலாமா என்று ஒரு பெண் குரல் கேட்டது. அப்பா ஜீப்பிலிருந்து இறங்கினார். சாக்கை எடுத்து உதறி, ஜீப்புக்கு முன்னால் பாறையில் விரித்தார். "தேங்காய இதும்மேல ஒடைங்க" என்றார். "சாக்குக்கும் மரியாத ஆச்சி. வண்டிக்கும் காத்து ஆச்சி." உடைத்தார்கள். என்னைப் பார்க்காமல் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார்.

ஒவ்வொரு வீட்டுச் சாமையும் முடிந்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னேன். பழைய பல் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு ரேடியேட்டர் முன்னால் குந்தி, இடுக்கு இடுக்காகத் தூசியைத் தட்டினேன். தலைமுடி, புருவம் எல்லாம் சாமைச் சுணை அரித்தது. "ஜீப்புக்குப் பல்லு தேய்க்குது பாரு" என்று மாமா சொல்ல, களமே சிரித்தது. சிரிக்கட்டும் என்று தேய்த்தேன். சிரிக்கிற ஒருவருக்கும் இடுக்கில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

நான்காவது வீட்டுச் சாமை மாமாவுடையது. அது முடிந்தபோது அப்பா என்னைக் கூப்பிட்டு, சூடு காட்டும் முள்ளைக் காட்டினார். நடுவில் நின்றது. இன்ஜின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. நான் பிரஷ்ஷோடு நிமிர்ந்தேன். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன் என்பதை மறைக்கவில்லை.

மாமா தன் சாமையை அள்ளிப் பார்த்துவிட்டு, பாறையில் தேங்காய்த் தண்ணீரில் நனைந்து கிடந்த சாக்கைப் பார்த்தார்.

"கீய போட்டாக்கூட வேல செய்து பாருங்கப்பா" என்றார் ஊரைப் பார்த்து. "படிச்ச புள்ள சொன்ன சாக்கு."

எல்லோரும் தலையாட்டினார்கள். நான் ஐந்தாவது வீட்டுக்காக ரேடியேட்டர் முன்னால் மறுபடி குந்தினேன்.